இன்ஜின் போட்டை விற்ற கங்கம்மாள்

கங்கம்மாளோடு பேசப் போய் மரியாதையோடு திரும்பி வந்தவன் அந்தக் குப்பத்தில் ஒருவனும் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆசீர்வாதம் என்று எனக்குப் பேர் வைத்த எங்கள் அம்மா, அந்தப் பேரை ஒரு பொம்பளை இத்தனை விதமாகத் திட்டப் பயன்படுத்துவாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

மீஞ்சூரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுவதுதான் பிழைப்பு. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் கங்கம்மாளின் புருஷன் ராஜவேலு அறுபத்துமூன்றில் ஒரு மரப் படகு கட்டினான். அதில் ஏலத்தில் எடுத்த கிழட்டு இன்ஜின் ஒன்று இருந்தது. ஒன்பது வருஷம் அதை உதைத்து உதைத்து ஓட்டினான். எழுபத்திரண்டில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, படகின் பின்பக்கம் மாட்டுகிற ஜப்பான் இன்ஜின் ஒன்றைப் புதிதாக வாங்கினான். அதைத் திறந்து பார்க்கத் தைரியம் உள்ளவன் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருவன்தான். அப்படித்தான் எனக்குச் சனி பிடித்தது.

இன்ஜின் வாங்கிய நாலாவது மாதம் ராஜவேலு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி இல்லை. கங்கம்மாளுக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்து, பதினேழு வயசில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை, படகில் ஏறி இன்ஜின் பிடியைக் கையில் பிடித்துவிட்டாள். குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்கு ஆள் ஏற்றினாள். விடிந்தும் விடியாமலும் இறாலை ஏற்றிக்கொண்டுபோய் ஐஸ் லாரியில் சேர்த்தாள். பாய் விரித்து வருகிறவன் கரையைத் தொடும்போது இவள் விற்றுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். வந்தவனைப் பார்த்து, "இன்னா, தூங்கிட்டியா?" என்றும் கேட்பாள். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

படகை அவள் வைத்திருந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஏரித் தண்ணீர் உப்பு. உப்பு இன்ஜினுக்குள் தங்கினால் ஆறே மாதத்தில் அரித்துத் தின்றுவிடும், நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ராஜவேலு வாரம் ஒரு தரம் கழுவினான். இவள் தினமும் கழுவினாள். அந்தக் குப்பத்தில் குடிதண்ணீருக்கே மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு, ஒரு குடம் நிறைய அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும். இவள் இரண்டு குடத்தைச் சுமந்து வந்து இரும்பின் தலையில் ஊற்றுவாள்.

"புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குது. இவ இன்ஜின குளிப்பாட்டிக்கினு இருக்கறா" என்று பெண்கள் வாய்விட்டே சொன்னார்கள்.

"நான் மொண்ட தண்ணி, என் ஊட்டு இன்ஜினு. உனுக்கு எங்கடி எரியுது?" என்பாள்.

இப்படி ஒன்றரை வருஷம் ஊர் முழுவதையும் பகைத்துக்கொண்ட பிறகு, எழுபத்துநாலு பங்குனியில் ஊர் கூடியது. இன்ஜின் சத்தத்தில் இறால் கலைகிறது, அலையில் வலைக் கழி சாய்கிறது, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று ஆளுக்கு ஒரு புகார். பாதி உண்மை, பாதி வயிற்றெரிச்சல். ஊர்ப் பெரியதனக்காரர் பூவராகவன். ராஜவேலுவின் கூடப்பிறந்த அண்ணன். ஒல்லியான மனிதர், சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். எல்லோரும் கத்துகிற ஊரில் மெதுவாகப் பேசுகிறவரைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

இந்த இடத்தில் பாடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஏரி கடலைச் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம் உண்டு. அந்த இடத்துக்குத்தான் பாடு என்று பேர். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் வெட்டுக்குத்துதான். அதனால் வைகாசியில் அம்மன் கோயிலில் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த வீடுகள், நாளைக்கு அந்த வீடுகள் என்று முறை பிரித்துக்கொள்வார்கள். முறையில் பேர் உள்ளவனுக்கு வருஷம் முழுக்கச் சோறு. பேர் இல்லாதவன் கரையோரம் நண்டு பொறுக்க வேண்டியதுதான். அப்பன் செத்தால் பேர் மகனுக்குப் போகும். ராஜவேலுவின் பேர் யாருக்கும் போகாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பூவராகவன் அந்தக் கயிற்றைத்தான் பிடித்து இழுத்தார்.

"இன்ஜினா, முறையா? நீயே சொல்லும்மா" என்றார்.

கங்கம்மாளுக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்ஜின் இன்னும் ஆறேழு வருஷம் உழைக்கும். அப்புறம் அவளும் கிழவி, அதுவும் பழைய இரும்பு. முறையில் பேர் இருந்தால் சாகிற வரைக்கும் யாரிடமும் கையேந்த வேண்டாம். "முறைதான் வேணும். ஆனா வாய்ல சொன்னா ஒத்துக்க மாட்டேன் மாமா. கற்பூரம் ஏத்துங்க" என்றாள்.

ஏற்றினார்கள். இன்ஜினைக் கழற்றக் கூப்பிட்டிருந்ததால் நானும் நின்றிருந்தேன். சித்திரை முடிவதற்குள் அந்தப் படகு இந்தக் கரையை விட்டுப் போய்விட வேண்டும். அதுவரைக்கும் அது தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த ஊர்க்காரன் எவனும் அதை வாங்கக் கூடாது. போய்விட்டால் ராஜவேலுவின் பேர் கங்கம்மாளுக்கு நிற்கும், ஆளை வைத்து எடுத்தாலும் சரி, தானே எடுத்தாலும் சரி. கடைசியாக ஒன்றை அவளே சேர்க்கச் சொன்னாள். "என் இன்ஜின தொரத்திட்டு நாளிக்கு நீங்க ஒண்ணு வாங்கிக்கினு வந்து நிக்கக் கூடாது. இந்தக் கரையில இனிமே எவன் இன்ஜினும் எறங்காது. அதயும் சொல்லுங்க." பூவராகவன் சிரித்துக்கொண்டே சொன்னார். கற்பூரத்தை எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அன்றைக்கே படகை இழுத்துக் கரையில் ஏற்றினோம். இன்ஜினை அவள் வீட்டுக்குள் கொண்டுபோய் ராஜவேலுவின் வேட்டியைச் சுற்றி அடுப்புக்கு எதிர்ச்சுவரில் சாத்தி வைத்தேன். வாங்க ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

மரப் படகைக் கரையில் போட்டால் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருப்பார்கள். பலகை ஈரத்தில் ஊறிப் பருத்திருக்கும் வரைதான் அந்த அடைப்பு பிடிக்கும். காய்ந்தால் பலகை சுருங்கி வாயைப் பிளந்துவிடும். அதனால் கங்கம்மாள் படகு முழுக்கச் சாக்கு விரித்து, காலையும் மாலையும் ஏரித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள். சித்திரை வெயிலில் மத்தியானமும் ஊற்றினாள். சாக்கு காய்ந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

முதலில் பழவேற்காட்டு வியாபாரி அசன் முகைதீன் பாயிடம் சொன்னேன். அவருக்கு ஆசை இருந்தது. இரண்டு நாள் கழித்து, "வாணாம்பா. அந்தப் படகை வாங்கினா ஒரு கூடை இறால் எனக்குப் போட மாட்டாங்களாம். பெரியவர் ஆள் அனுப்பிச் சொல்லிட்டாரு. எனக்கு எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றார். விற்கச் சொல்வதும் பூவராகவன், விற்க விடாததும் பூவராகவன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்து ஜோசப் என்று ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தேன். கும்மிடிப்பூண்டியில் புதிதாக ஷெட்டு ஷெட்டாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த நேரம். அதில் ஒன்றுக்கு எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து கிளிஞ்சல் அள்ளி அனுப்புகிறவர். வெள்ளைப் பேன்ட், கையில் குடை. கரையில் கங்கம்மாள் நிற்கிறாள், படகு அவளுடையது, ஆனால் கேள்வி எல்லாம் என்னிடம்.

"எத்தனை வருஷத்து மரம்?"

"பதினோரு வருசம்" என்றாள் கங்கம்மாள்.

"எத்தனை வருஷம்ப்பா?" என்று மறுபடி என்னைக் கேட்டார்.

"காது செவுடா? பதினோரு வருசம்னு சொல்றேன் இல்ல?"

இன்ஜினைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது, அவர் முகமே மலர்ந்தது. படகுக்கு வந்தார். ஈரச் சாக்கைக் குடை நுனியால் தூக்கினார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த பூவராகவன், யாரிடமும் சொல்லாத மாதிரி காற்றிடம் சொன்னார்: "தெனம் மூணு வேள தண்ணி ஊத்தறாங்க. எதுக்குன்னு தெரியல."

ஜோசப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓட்டையை மறைக்கத்தானே ஈரமா வச்சிருக்காங்க? மூணு நாள் இந்தச் சாக்கு எல்லாம் எடுத்துப் போட்டு வெயில்ல காய வைங்க. ஞாயித்துக்கிழமை வரேன். காஞ்ச கட்டையைக் கண்ணால பாக்கணும். அப்புறம் தண்ணில எறக்கி ஓட்டிக் காட்டுங்க."

கங்கம்மாள் குதித்தாள். "காய வச்சா பொளந்துக்கும்டா! அவுருக்குத்தான் தெரியாது, உனுக்குமா தெரியாது?"

எனக்குத் தெரியாதுதான். எனக்கு இரும்பு தெரியும், மரம் தெரியாது. மூன்று நாளில் பதினோரு வருஷத்துக் கட்டைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். சித்திரை முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி, வேறு ஆள் இல்லை, இவனையும் விட்டால் பேரும் போச்சு படகும் போச்சு என்று அவள் தலையில் ஏறி உட்கார்ந்து பேசினேன். கடைசியில் ஒப்புக்கொண்டாள். அவள் ஆயுசில் அடுத்தவன் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தரம்தான். அதுவும் என் பேச்சை. திருட்டுத்தனமாக ஒரு குடம் ஊற்றியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வார்த்தை கொடுத்துவிட்டேன் என்று அதையும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீரில் இறக்கலாம் என்று பூவராகவன் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க வந்திருந்தது. இன்ஜினை மாட்டினேன், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஜோசப் ஏறி உட்கார்ந்தார். கரையிலிருந்து அம்பது கெஜம் போயிருப்போம், அவர் வெள்ளைப் பேன்ட்டின் நுனி நனைந்தது. நூறு கெஜத்தில் கணுக்கால். ஒரு இடத்தில் இல்லை, நீளத்துக்கு எல்லா இடுக்கிலும் தண்ணீர் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தது. கங்கம்மாள் ஒரு கையில் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் டப்பாவால் இறைத்துக்கொண்டே படகைத் திருப்பினாள். கரையில் எழுந்த சிரிப்பு எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

ஜோசப் கார் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "உன்னை நம்பி வந்தேன் பாரு." அவர் போனதும் கங்கம்மாள் அந்த டப்பாவை என் மண்டையைக் குறிவைத்து வீசினாள். குறி தப்பவில்லை. காது ஓரம் கிழிந்து ரத்தம் வந்தது. எனக்கும் கோபம் வந்தது, வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் தப்பு என்னுடையது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் அத்தனை சத்தம் போட்டேன்.

இரண்டு நாள் அப்படியே தண்ணீரில் கிடந்தால் பலகை ஊறி வாயை மூடிக்கொள்ளும். "ஒரு மணி நேரம்னு சொன்னோம். ஆயிடுச்சி. ஏத்துங்க" என்றார் பூவராகவன். மறுபடி கரை, மறுபடி சாக்கு, மறுபடி குடம்.

அன்று சாயங்காலமே அவர் கங்கம்மாளின் வீட்டு வாசலுக்கு வந்தார். "கட்டைய வெறகு வெலைக்கு எடுத்துக்கறேன்மா. இன்ஜினுக்குப் பாதி வெல தரேன். எனக்கில்ல, மீஞ்சூர்ல என் மச்சான் கீறான், அவன் பேர்ல."

"கற்பூரத்த தொட்டது இந்தக் கைதானே மாமா?" என்று கேட்டாள்.

அவர் திரும்பி நடந்தார். போகிற மனிதரின் முதுகைப் பார்த்து அவள் சொன்ன வார்த்தைகளை நான் எழுதப் போவதில்லை.

சித்திரை முடிய ஐந்து நாள் இருக்கும்போது போலய்யா வந்தான். ஏரியின் வடகரை, ஆந்திரா பக்கத்துக் குப்பத்து ஆள். இரண்டு கரைக்கும் தீராத சண்டை. எது யாருடைய தண்ணீர் என்று ஏரியில் யார் கோடு போட்டார்கள்? முந்தின வருஷம் நடந்த அடிதடியில் மண்டை உடைந்த கேஸ் திருவள்ளூர் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் வியாபாரத்துக்குத் தனியாக வருகிறவன் மேல் கை வைப்பதில்லை என்று இரண்டு கரையிலும் ஒரு கட்டு உண்டு. அவன் தனியாகத்தான் வந்தான், பட்டப்பகலில்.

சாக்கை விலக்கிப் பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தான். பக்கத்தில் இருந்த குடத்தை எடுத்து, ஏரியில் மொண்டு வந்து, காய ஆரம்பித்திருந்த மூலையில் தானே ஊற்றினான். கங்கம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளில் அந்தப் படகுக்கு அவளைத் தவிர வேறு ஒருவன் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தரம்.

"கட்ட மஞ்சி கட்ட, அக்கா" என்றான். "நைனா, இன்ஜின் காட்டு" என்று என்னிடம் சொன்னான். பார்த்தான். ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. "டப்பு ரெடி. ரேப்பு வந்து எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மஞ்சி என்றால் நல்ல, டப்பு என்றால் பணம், ரேப்பு என்றால் நாளைக்கு. அவள் கேட்ட விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

நான் அவளோடு மல்லுக்கட்டினேன். "யக்கா, புத்தி கெட்டுப் போச்சா? அவன் இதுல ஏறி வந்து நம்மாளுங்க வலையத்தான் அறுப்பான்."

"நம்மாளுங்களா? எவன்டா நம்மாளு? எம்மேல சிரிச்சவனா?"

"உன் வலையும் அங்கதான் இருக்கப் போவுது."

"மொதல்ல என் பேரு இருக்கட்டும். அப்புறம் வலையப் பத்திப் பேசலாம்."

மறுநாள் அவன் பாய்ப் படகில் வந்து, இன்ஜினை ஏற்றிக்கொண்டு, இதைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனான். பூவராகவன் கரைக்கு ஓடி வந்தார். முதல் தரமாக அவர் குரல் உயர்ந்தது. "யாருக்குக் குடுக்கறேன்னு தெரிஞ்சிதான் குடுக்கறியா?"

"இந்த ஊரான் இல்ல. இந்தக் கரை இல்ல. வேற இன்னா சொன்னீங்க மாமா அன்னிக்கு?"

அவள் அழவில்லை. போலய்யாவைப் பார்த்து, "நல்ல தண்ணில தெனம் கழுவணும். கழுவலன்னு கேள்விப்பட்டேன், வந்து உன் கைய ஒடிப்பேன்" என்று கத்தினாள். படகு கண்ணுக்கு மறைகிற வரை நிற்கவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுப் பக்கம் போய்விட்டாள்.

வைகாசியில் சீட்டுப் போட்டார்கள். ராஜவேலுவின் பேர் நின்றது. அதை நீக்க வழியில்லை, அம்மன் முன்னால் ஏற்றிய கற்பூரம். ஆனால் குப்பத்தில் ஒருத்தனும் அவளுக்குக் கூலிக்கு வர மாட்டேன் என்றான். எண்ணூரிலிருந்து தம்பி குப்பனை வரவழைத்தாள். அதே சாதி, அதே தொழில், அதனால் அவன் இறங்குவதைத் தடுக்க முடியவில்லை. ஆகாத ஊரில் அக்காவும் தம்பியும் மூன்று முறை எடுத்தார்கள். மூன்று தரமும் நல்ல இறால். கங்கம்மாள் கழுத்தில் பழையபடி மஞ்சள் கயிறு தவிர மற்றதெல்லாம் வந்துவிடும் போல இருந்தது.

ஆனி மாதம் அவளுடைய நாலாவது முறை. அன்று முறை உள்ளவர்கள் ஒன்பது வீட்டுக்காரர்கள். கீழ்வானம் வெளுக்கும்போது வடக்கேயிருந்து இன்ஜின் படகு வந்தது. எட்டுப் பேர் அரிவாளோடு நின்றிருந்தார்களாம். வலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டே போனார்கள். பாய் விரித்து யார் அவர்களைப் பிடிக்க முடியும்? ஒன்பது வலையும் போயிற்று. அதில் ஒன்று கங்கம்மாளுடையது.

குப்பன்தான் எனக்குச் சொன்னான். "இன்ஜின் புடிச்சிக்கினு இருந்தது அந்தப் போலய்யாதான். அக்காவப் பாத்தான். தெரியாம இல்ல. மூஞ்ச திருப்பிக்கினான், வேகத்தக் கொறைக்கல."

"அக்கா இன்னா சொல்லிச்சி?"

"அறுந்த வலைய சுருட்டிக்கினு இருந்திச்சி."

மறுநாள் ஊர் கூடியபோது எனக்கும் ஆள் வந்தது. எதற்கு என்று போன பிறகுதான் தெரிந்தது. "மேஸ்திரி, அதே மாரி இன்ஜின் ஒண்ணு வேணும். அதவிடப் பெருசா இருந்தாலும் சரி. ஊர்ப் பொதுவுல வாங்கறோம்" என்றார் பூவராகவன். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. வலை இழந்த வீட்டுப் பெண்கள் கங்கம்மாளைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். அவள் கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"இன்ஜின் எறங்காது" என்றாள்.

"வித்தவளே நீதான். உனுக்கு இன்னாடி பேச்சு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

"இந்தக் கரையில எவன் இன்ஜினும் எறங்காதுன்னு கற்பூரம் ஏத்தினது நீங்க."

"அது அப்போ. இப்ப ஊரே அழியுது" என்றார் பூவராகவன். மெதுவாகத்தான் பேசினார். "ஊரு சேந்து அந்தச் சத்தியத்த எடுத்துடலாம். நீயும் சரின்னு ஒரு வார்த்த சொல்லு. உன் வலையும்தானே போச்சு?"

"என் பேரு அதே கற்பூரத்துல கீது மாமா. சத்தியத்த எடுத்தா பேரும் போவும். இன்னிக்கு இன்ஜின எறக்குவீங்க, நாளிக்கு சத்தியம்தான் இல்லியே, பொம்பளைக்கு இன்னா மொறன்னு கேப்பீங்க. எனக்குத் தெரியும் உங்கள. வலை போனா பின்னிக்கறேன். பேரு போனா எங்க போயிப் பின்னுவேன்? நான் சரின்னு சொல்ல மாட்டேன். மீறி எறக்கறதுன்னா எறக்குங்க. ஆத்தா பாத்துக்கட்டும்."

நான் அந்த இடத்தில் நின்று எரிச்சலோடு நினைத்தேன், இந்தப் பொம்பளைக்கு மனசே கிடையாதா என்று. எட்டு வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் செய்த வியாபாரம். ஒரு வார்த்தையில் ஆறக் கூடியதை ஆற விடவில்லை. எனக்கு அவள் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான். கற்பூரத்தை மீற ஒருவனுக்கும் துணிவு வரவில்லை. முடிவு எதுவும் எடுக்காமல் எழுந்து போனார்கள்.

அவளை ஒன்றும் செய்ய முடியாதவர்கள் குப்பனைப் பிடித்தார்கள். நாளைக்கு இங்கே இருந்தால் கால் இருக்காது என்றார்கள். அவன் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு குழந்தைகள் அவனுக்கு.

முறை நாளில் வலை இறங்கவில்லை என்றால் அந்தப் பேர் அடித்துவிடப்படும். அவளுடைய அடுத்த முறைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் உட்கார்ந்து அறுந்த வலையைப் பின்னினாள். ஏழாம் நாள் மீஞ்சூருக்கு ஆள் அனுப்பினாள். "படகு தள்ள ஆள் இல்ல. வா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். ராஜவேலுவின் பழைய சின்னத் தோணி, துடுப்பு, வலை. இரண்டு பேர் இழுக்கிற வலை அது. கரை முழுக்க ஜனம். ஒருவரும் கிட்டே வரவில்லை. நானும் அவளும் தள்ளினோம். மணல் விட்டுக்கொடுக்க வெகுநேரம் ஆயிற்று. தோணி மிதந்ததும் அவள் ஏறினாள். நானும் விளிம்பில் கை வைத்து ஒரு காலைத் தூக்கினேன்.

"ஏறாத!" என்று அலறினாள். "வேற சாதிக்காரன் நீ ஏறினா முறை தீட்டுன்னு அடிச்சிடுவாங்க. பேரு போயிடும்டா. எறங்கு!"

இறங்கினேன். மார்பளவு தண்ணீரில் நின்று பார்த்தேன். அவள் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். காற்று இரண்டு தரம் தோணியைத் திருப்பியது, திருப்பித் திருப்பி நேர்செய்தாள். அவளுக்கான இடத்தில் வலையின் ஒரு முனையைக் கழியில் கட்டினாள். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள். முனையைத் தோளில் போட்டுக்கொண்டு வளைத்து வளைத்து நடந்தாள், ஆழம் வந்தபோது நீந்தினாள். தனியாகப் பாடு எடுக்கிற பெண்ணை அந்த ஏரி அதற்கு முன் பார்த்ததில்லை.

வலை இறங்கியதும் முறைக்காரன் பேரைச் சொல்லிக் கூவ வேண்டும். கரையில் இருக்கிற பெரியதனக்காரர் "ஆச்சு" என்று பதில் கொடுத்தால்தான் அந்த முறை எடுத்ததாகக் கணக்கு.

"கங்கம்மா!" என்று கூவினாள்.

புருஷன் பேரைச் சொல்லவில்லை. பூவராகவன் பீடி குடித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"கங்கம்மா!"

வலை இழந்த வீட்டுப் பெண்கள், ஆண்கள், எல்லோரும் ஏரியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவளை வெறுக்காதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"கங்கம்மா!" என்று மறுபடி வந்தது, மூச்சு வாங்குகிற குரல். "கங்கம்மா!"

பூவராகவன் பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டு எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்து, அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகவே, "ஆச்சு" என்றார்.